பெருவிரல் வலிக்குப் பின்னால் நிற்கும் மூன்று நோய்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) வேலை செய்கிறேன். வயது 53, எடை 88 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, நள்ளிரவில் வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி வந்தது. டவுனில் உள்ள ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு வலி மாத்திரை கொடுப்பார்கள். சில நாட்களில் அடங்கிவிடும். அண்மையில் எடுத்த பரிசோதனையில் யூரிக் அமிலம் 568, சிறுநீரக வடிகட்டும் திறன் 54, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.1 விழுக்காடு. அலோபியூரினால் 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் வலி முன்பைவிடக் கடுமையாக வந்ததால் நிறுத்திவிட்டேன். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் ஹைட்ரோகுளோரோதயசைடும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறேன். மனைவி பருப்பையும் கீரையையும் நிறுத்திவிட்டார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூலிகை மாத்திரைதான் உடனே கேட்கிறது. இது பணக்காரர் வியாதி என்கிறார்களே, எனக்கு எப்படி வந்தது? மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? சிறுநீரகம் கெட்டுப்போகாதா? 26 வயதான என் மகனுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் கால்விரலைப் பற்றி எழுதிய பகுதியைவிட, பரிசோதனை எண்களையும் மருந்துகளையும் எழுதிய பகுதியே எனக்கு அதிகக் கவலையைத் தந்தது. விரல் வலியை ஒரு கிளினிக்கிலும் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வேறொரு கிளினிக்கிலும் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இரண்டு இடத்தாரும் ஒருவர் கொடுப்பதை மற்றவர் அறியாமல் மருந்து கொடுத்தால், ஒன்றைக் குணப்படுத்தும் மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். உங்களிடம் இப்போது நடந்துகொண்டிருப்பது பெரும்பாலும் அதுதான்.

முதலில் நோயைப் பற்றி. நீங்கள் விவரித்த வகையில் நள்ளிரவில் திடீரெனத் தொடங்கி, பெருவிரலின் அடி மூட்டைப் பிடித்து, சில நாட்களில் தானாகவே அடங்கும் வலி, யூரிக் அமிலமும் இந்த அளவுக்கு உயர்ந்திருக்கும்போது, அநேகமாகக் கவுட் எனப்படும் கீல்வாதமே. ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்ய வேண்டுமானால், வீங்கிய மூட்டிலிருந்து சிறிது நீரை எடுத்து நுண்ணோக்கியில் ஊசி போன்ற படிகங்களைப் பார்க்க வேண்டும். நம் உடலின் செல்கள் சிதையும்போதும், இறைச்சி, மீன் போன்றவற்றைச் செரிக்கும்போதும் பியூரின் என்ற பொருள் உடைந்து யூரிக் அமிலமாகிறது. ஏனைய பாலூட்டிகள் பெரும்பாலானவற்றிடம் அதை மேலும் உடைக்கும் நொதி உண்டு. மனித இனம் அதைத் தன் பரிணாமப் பாதையில் இழந்துவிட்டது. ஆகவே நமக்கு உள்ள வழி வெளியேற்றுவது மட்டுமே: ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன.

இரத்தத்தில் யூரிக் அமிலம் லிட்டருக்குச் சுமார் 400 மைக்ரோமோலைத் தாண்டும்போது, ஒரு தம்ளர் தேநீரில் அளவுக்கு மேல் சீனி போட்டால் கரையாமல் அடியில் தங்குவதுபோல, அது படிகமாகத் தங்கத் தொடங்குகிறது. குளிர்ச்சியான இடத்தில் இது எளிதில் நடக்கிறது. உடலின் மையத்திலிருந்து வெகு தூரத்தில், நாள் முழுவதும் பூட்ஸுக்குள் அழுந்திக் கிடக்கும் பெருவிரலை அது முதலில் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். படிகங்கள் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருக்கும். ஏதோ ஓர் இரவில் வெள்ளை அணுக்கள் அவற்றை அயல்பொருளாகக் கருதித் தாக்கும்போதுதான் உங்களுக்கு வலி வருகிறது. வலி அடங்கினாலும் படிகங்கள் அங்கேயே இருக்கின்றன. டவுன் கிளினிக் ஊசி அழற்சியை அடக்குகிறதே தவிர, ஒரு படிகத்தைக்கூடக் கரைப்பதில்லை. இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை திரும்பி வந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த அமிலம் உங்கள் உடலில் ஏன் தங்கியது என்பதற்கு வருகிறேன். உண்ணும் உணவுதான் முழுக் காரணம் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையால் நோயாளிகள் தங்களையே குற்றவாளிகளாக நினைத்துக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போடுகிறார்கள். உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் பெரும்பங்கு உணவிலிருந்து வராமல் நம் சொந்தச் செல்களிலிருந்தே வருகிறது. கவுட் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் கோளாறு உற்பத்தியில் இல்லை, வெளியேற்றத்தில் இருக்கிறது. அதில் பரம்பரைக்கும் பெரும் பங்கு உண்டு. உங்கள் வெளியேற்றத்தைத் தடுப்பவை குறைந்தது மூன்று இருக்கின்றன. ஒன்று, 31ஐத் தாண்டிய உடல் பருமன் எண்ணும் அதோடு வரும் இன்சுலின் எதிர்ப்பும்: இன்சுலின் இரத்தத்தில் மிகுந்திருக்கும்போது, சிறுநீரகம் உப்பைப் போலவே யூரிக் அமிலத்தையும் சிறுநீரில் விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் கவுட்டும் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் கூடி வருவதற்கு இது முக்கியமான காரணம். இரண்டு, 54 ஆகக் குறைந்துவிட்ட சிறுநீரகத் திறன். மூன்று, நீங்கள் தினமும் காலையில் விழுங்கும் ஹைட்ரோகுளோரோதயசைட். இரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் யூரிக் அமிலத்தை உயர்த்துவது அதன் அறியப்பட்ட பக்க விளைவு.

இந்த இடத்தில் ஒரு செய்தியை நேர்மையாகச் சொல்ல வேண்டும். யூரிக் அமிலம் உயர்ந்தவர்களுக்கு மாரடைப்பும் சிறுநீரக நோயும் அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. அதிலிருந்து, அமிலத்தைக் குறைத்தால் இவையும் குறையும் என்று பலர், மருத்துவர்கள் உட்பட, எதிர்பார்த்தோம். 2020இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், அலோபியூரினால் கொடுத்ததால் சிறுநீரகத் திறன் சரியும் வேகம் குறையவில்லை. 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், இதய இரத்தக் குழாய் நோய் உள்ள, கவுட் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைக் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஆகவே வலியே வராத ஒருவருக்கு, அறிக்கையில் எண் உயர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் மாத்திரை தொடங்குவதை நான் ஆதரிப்பதில்லை. உங்கள் நிலை வேறு: மீண்டும் மீண்டும் வலி வந்திருக்கிறது, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது, மூட்டைக் காக்க உங்களுக்கு மருந்து தேவை. ஆனால் அந்த மாத்திரை இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பதிலாகாது. அவற்றுக்குத் தனியே கணக்குத் தீர்க்க வேண்டும். கவுட் வலி வந்தபின் முதல் நான்கு மாதங்களில் மாரடைப்பு, பக்கவாத அபாயம் தற்காலிகமாகக் கூடுவதையும் 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த மாதங்களில் நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் போன்றவற்றை வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். புகைபிடிப்பவராக இருந்தால், அதை நிறுத்துவதற்கும் இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

அலோபியூரினால் ஏன் உங்களைக் கைவிட்டது என்பதற்கான விடை எளியது, அது கைவிடவில்லை. இரத்தத்தில் அமிலம் திடீரெனக் குறையும்போது, மூட்டில் படிந்திருந்த படிகங்கள் தளர்ந்து உதிர்கின்றன, அது புதிய தாக்குதலைக் கிளப்புகிறது. முதல் சில மாதங்களில் வரும் இந்த வலி மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். தவறு தொடங்கிய விதத்தில் இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு 300 மில்லிகிராமில் தொடங்குவது அதிகம். 50 அல்லது 100 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தத்தைப் பரிசோதித்து, அமிலம் 360க்குக் கீழே வரும்வரை படிப்படியாக உயர்த்த வேண்டும். தோலுக்கடியில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றியிருந்தால் இலக்கு 300. நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் கவுட் சிகிச்சை வழிகாட்டியின் 2021ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பும், மாத்திரையின் அளவை மட்டும் பார்க்காமல் இரத்தத்தில் உள்ள அளவை இலக்காக வைத்து மருத்துவம் செய்யவே சொல்கிறது. தொடக்க மாதங்களில் வலியைத் தடுக்க, குறைந்த அளவில் கோல்சிசின் மாத்திரையை மூன்று முதல் ஆறு மாதங்கள் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அதைத் தொடங்குமுன், உங்கள் சிறுநீரகத் திறனையும், நீங்கள் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கோல்சிசினும் சிம்வாஸ்டாட்டினும் சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம். தொடையிலோ தோளிலோ புதிதாகத் தளர்ச்சி தோன்றினால் அடுத்த அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். ஆம், நெடுங்காலத்துக்கு. நிறுத்தினால் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ படிகங்கள் மீண்டும் சேரும். சிறுநீரகம் கெடுமா என்ற அச்சம் நம் மக்களிடம் எல்லா மாத்திரைகளின் மீதும் ஒரேபோல விழுகிறது. இந்த மருந்தைப் பொறுத்தவரை அது தவறான இடத்தில் விழுந்த அச்சம். அலோபியூரினால் 1960களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அதை உருவாக்கிய ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்கள். அது சிறுநீரகத்தைத் தின்னும் மருந்தன்று. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் கவனமாகக் கூட்ட வேண்டும், அவ்வளவே. உண்மையான ஆபத்து வேறொன்று: மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், தோல் முழுவதும் தடித்து உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை வரும். குறிப்பிட்ட ஒரு மரபுக்கூறு உள்ளவர்களுக்கு, சீனர், தாய்லாந்துக்காரர் போன்ற சமூகங்களில் இந்த அபாயம் கூடுதல். நமக்கும் விதி ஒன்றுதான்: தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல், கண் சிவத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்பு இரண்டு வாரம் சாப்பிட்டபோது அப்படி எதுவும் வந்திருந்தால், மீண்டும் தொடங்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நான் அஞ்சுவது நீங்கள் அஞ்சாத மருந்துகளைத்தான். டவுன் கிளினிக் கொடுக்கும் வலி மாத்திரைகள் டைக்லோஃபினாக், மெஃபனாமிக் அமிலம், எட்டோரிகாக்சிப் போன்றவையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீரகத் திறன் 54 உள்ள ஒருவருக்கு, அதிலும் நீரை வெளியேற்றும் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைட் சாப்பிடும் ஒருவருக்கு, அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். அடுத்தது அந்தப் பாசார் மாலாம் மாத்திரை. உடனே கேட்கிறது என்பதே என் ஐயம். மூட்டுவலிக்கென விற்கப்படும் மூலிகை மாத்திரைகளில் டெக்ஸாமெதாசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது வலியை அடக்கும், அதோடு சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். உங்கள் 8.1இல் அதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். பொட்டலத்தில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒட்டுமுத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆனால் பல மாதங்களாகத் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நாளைக்கே எறிந்துவிடாதீர்கள். உடல் தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கலாம். அந்நிலையில் திடீரென விட்டால் மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி போன்றவை வரும். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள், அவர் குறைத்து நிறுத்துவார்.

அடுத்த முறை வலி வந்தால் செய்ய வேண்டியது: தொடங்கிய சில மணி நேரத்திலேயே மருத்துவரைப் பார்த்து, உங்கள் சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவில் கோல்சிசினோ சில நாட்களுக்கு மட்டும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டோ பெறுங்கள், பிரெட்னிசொலோன் என்றால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும் என்று எதிர்பாருங்கள். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் கொடுங்கள். எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிப்பது வேண்டாம். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்து ஓய்வெடுப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. அலோபியூரினாலை அப்போது தொடர்ந்துகொண்டிருந்தால் வலியின் நடுவே நிறுத்தாதீர்கள். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அதைக் கவுட் என்று முடிவு செய்யவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மூட்டுக்குள் கிருமித் தொற்று வரலாம். அவசரப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.

உணவுக்கு வருவோம். உங்கள் மனைவியின் அக்கறையைப் பாராட்டுகிறேன். ஆனால் பருப்பும் கீரையும் தக்காளியும் தண்டனை பெற வேண்டியவையல்ல. அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் கவுட்டை அதிகப்படுத்தின, பால் பொருட்கள் குறைத்தன; பியூரின் நிறைந்த காய்கறிகளுக்கும் கவுட்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. ஆகவே சாம்பாரும் பாயாம் கீரைக் கூட்டும் மீண்டும் உங்கள் தட்டில் வரட்டும். தயிரும் மோரும் நல்லவை. குறைக்க வேண்டியவை ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்புகள், ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, சார்டின், நெத்திலி, கெராங் சிப்பி, இறால். நாசி லெமாக் தட்டின் ஓரத்தில் கிடக்கும் நான்கு நெத்திலியைப் பற்றி நான் கவலைப்படவில்லை; வாரம் முழுக்க நெத்திலிச் சம்பல் என்றால் கவலை. பியர், சம்சு, கள் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவன் என்ற முறையில் கேட்காமல் இருக்க முடியவில்லை. பியரில் பியூரினே நிறைய உண்டு. அதோடு எந்த மதுவும் யூரிக் அமிலத்தின் வெளியேற்றத்தைத் தடுக்கிறது.

யாரும் சந்தேகிக்காத குற்றவாளி இனிப்பு. சீனியில் பாதி ஃபிரக்டோஸ்; கல்லீரல் அதைக் கையாளும்போது யூரிக் அமிலம் உருவாகிறது. காலையில் சூசு (பால்) கலந்த தே தாரிக், பத்து மணிக்குப் பாக்கெட் பானம், மாலையில் சிரப், இரவில் மைலோ என்று போகும் ஒரு நாளில் உள்ளே போகும் சீனியைக் கணக்கிட்டுப் பாருங்கள். பணக்காரர் வியாதி என்ற பேச்சு, சீனியும் இறைச்சியும் மதுவும் செல்வந்தரின் மேசையில் மட்டும் கிடைத்த பழைய ஐரோப்பாவுக்குப் பொருந்தியிருக்கலாம். இன்று நம் ஊர்க் கடையில் மிகவும் மலிவாகக் கிடைக்கும் பொருட்களில் இனிப்புப் பானமும் ஒன்று. அதனால்தான் 2019 ஜூலையில் அரசாங்கம் அதன்மீது தனி வரி விதித்தது. அதே ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கோப்பி குடிப்பவராக இருந்தால் சீனியில்லாத கோப்பி ஓ கோசோங் குடியுங்கள். கோப்பி கவுட்டுக்குப் பகையன்று.

இத்தனையும் செய்தாலும், உணவுக் கட்டுப்பாடு மட்டும் யூரிக் அமிலத்தைச் சுமார் 60 அளவுதான் குறைக்கும். உங்களுக்கு 568இலிருந்து 360க்கு வர 200க்கு மேல் குறைய வேண்டும். எனவே கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தும் வலி வந்தால், நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டீர்கள் என்று வீட்டில் யாரும் குறை சொல்ல வேண்டாம். எடையைக் குறைப்பது கவுட், நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகத் தளர்ச்சி ஆகிய நான்குக்கும் உதவும், ஆனால் மெதுவாக. தைப்பூசத்துக்குச் சைவ விரதம் இருப்பதில் தடையில்லை. தண்ணீரும் அருந்தாமல் பட்டினி கிடப்பது வலியைத் தூண்டும், நீரிழிவு மாத்திரை சாப்பிடும்போது வேறு ஆபத்தும் உண்டு. குலை வெட்டும் இடத்தில் வெயிலில் நிற்பவர் நீங்கள். மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை, நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வெறும் தண்ணீர் குடியுங்கள். யூரிக் அமிலக் கற்கள் சிறுநீரகத்தில் சேராமலிருக்கவும் அது உதவும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், பாசார் மாலாம் பொட்டலம் உட்பட, ஒரே பையில் போட்டுக்கொண்டு, நீரிழிவுக்காகச் செல்லும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு) போவதுதான். ஹைட்ரோகுளோரோதயசைடை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதற்குப் பதிலாக லோசார்ட்டான் பொருந்துமா என்று கேளுங்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு யூரிக் அமிலத்தையும் ஓரளவு வெளியேற்றும், நீரிழிவால் புரதம் கசியும் சிறுநீரகத்தையும் காக்கும். தொடங்கிய ஓரிரு வாரங்களில் பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் பரிசோதிப்பார்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனை உங்களுக்கு இதுவரை செய்யப்படவில்லை என்றால் அதையும் கேட்டுப் பெறுங்கள். 54 என்ற எண்ணை வலி மாத்திரைகளை விட்டபின் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் 60க்குக் கீழே இருந்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல முடியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு எம்பாகிளிஃப்ளோசின் அல்லது டாபாகிளிஃப்ளோசின் சேர்க்கலாமா என்பதும் கேட்கத்தக்க கேள்வி: சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் இந்த வகை மருந்துகள் யூரிக் அமிலத்தையும் குறைக்கின்றன.

உங்கள் மகனைப் பற்றி: மூட்டு வலி வராத 26 வயதுக்காரருக்கு யூரிக் அமிலப் பரிசோதனை தேவையில்லை. உயர்ந்திருந்தாலும் இப்போது மருந்து தர மாட்டோம், வீண் கவலைதான் மிஞ்சும். அவருக்குப் பார்க்க வேண்டியவை இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய மூன்றும். தந்தைக்கு இவையெல்லாம் இருப்பதால், நாற்பது வயதுவரை காத்திருக்காமல் இந்த ஆண்டே பார்த்துவிடட்டும். அவரும் நள்ளிரவில் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், அப்போது அலோபியூரினாலைப் பற்றிப் பேசலாம்.